பயங்கரம் பகிடியான கதை

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திகில் படம் ஒன்று வெற்றி பெற்றால் அதன் இரண்டாம் பாகம் வரும். பின்னர் மூன்றாம் பாகமும் நான்காம் பாகமும் வரும். முதற் பாகத்தைப் பார்த்து நடுங்கியவர்கள் ஐந்தாம் பாகத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். இது சினிமா உலகில் பலமுறை நிகழ்ந்த சங்கதி. இலக்கிய நிகழ்ச்சியிலே இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சில நேயர்கள் எண்ணக்கூடும். ஆனால், இவ்வகைத் தொடர்களுள் மிகவும் புகழ்பெற்ற ஒன்றின் வேர் ஒரு நாவலிலே இருக்கிறது. அந்த நாவலுக்கு நேர்ந்தது என்னவென்று பார்த்தால், அச்சம் எவ்வாறு பகிடியாகிறது என்பது தெளிவாகும். அதனாலேயே அமெரிக்காவின் யுனிவர்சல் நிறுவனம் தயாரித்த பிராங்கன்ஸ்டைன் படத் தொடரை இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்டேன். 1931ஆம் ஆண்டுக்கும் 1948ஆம் ஆண்டுக்கும் இடையில், பதினேழு வருட காலத்தில், எட்டுப் படங்கள் வெளிவந்தன. முதலாவது படம் மக்களை அலற வைத்தது. எட்டாவது படமோ இரண்டு கோமாளிகளின் கையில் முடிந்தது.

முதலில் ஒரு சிறு விளக்கம். பிராங்கன்ஸ்டைன் என்றதும் தட்டையான தலையும், கழுத்தின் இரு புறமும் துருத்தி நிற்கும் இரும்பு முளைகளும் கொண்ட ஒரு பூதம் நம் கண்முன் வருகிறது. உண்மையில் அது பூதத்தின் பெயரன்று. அதனைப் படைத்தவனின் பெயர். பூதத்துக்குப் பெயரே இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். பிராங்கன்ஸ்டைன் பூதத்தைப்போல் நடந்து காட்டு என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால், அந்தப் பிள்ளை இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, முழங்காலை மடக்காமல், தடக்குத் தடக்கென்று நடந்து காட்டும். உலகமெங்கும் கேலிச் சித்திரங்களிலும் விளம்பரங்களிலும் இதே நடைதான். ஆனால் நாவலில் இந்த நடை இல்லை. முதலாவது படத்திலும் இல்லை. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பயங்கரம் பகிடியான கதை முழுவதும் அந்த நீட்டிய கைகளில் அடங்கியிருக்கிறது.

1815ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவிலுள்ள தம்போரா எரிமலை பெருமளவில் வெடித்தது. அது கக்கிய தூசும் புகையும் வானத்தை மறைத்ததால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடைகாலமே வரவில்லை. 1816ஆம் ஆண்டின் அந்த இருண்ட, மழைக் கோடையில் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு மாளிகையில் சில ஆங்கில இலக்கியகாரர்கள் கூடினார்கள். பைரன் பிரபு இருந்தார். கவிஞர் ஷெல்லி இருந்தார். அவரோடு பதினெட்டு வயதான மேரி இருந்தார். வெளியே போக முடியாத நிலையில், ஆளுக்கொரு பேய்க் கதை எழுதுவோமென்று பைரன் பிரபு சொன்னாராம். அவ்வாறு மேரி எழுதத் தொடங்கிய கதையே 1818ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மூன்று பாகங்களாக, ஆசிரியர் பெயரின்றி, லண்டனில் வெளிவந்தது.

அந்த நாவலைப் படிக்காதவர்களுக்கு வியப்பளிக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. மேரி ஷெல்லியின் பூதம் நன்றாகப் பேசும்! விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்ற மாணவன் அதற்கு உயிர் கொடுத்த கணமே அதன் முகத்தைக் கண்டு வெருண்டு ஓடிவிடுகிறான். கைவிடப்பட்ட அந்தப் படைப்பு காட்டிலே அலைந்து, ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொள்கிறது. சுவரின் இடுக்கு வழியாக அவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டே மொழியைக் கற்றுக்கொள்கிறது. மில்டனையும் புளுட்டாக்கையும் கேத்தேயையும் படிக்கிறது. அந்த வீட்டின் முதியவர் பார்வையற்றவர். ஒருநாள் மற்றவர்கள் இல்லாத வேளையில் அது அவரிடம் சென்று பேசுகிறது. கண்ணில்லாத அவர் பேச்சை மட்டும் கேட்டு அதனை மனிதனாக மதிக்கிறார். வெளியே போனவர்கள் திரும்பி வந்ததும் அதன் உருவத்தைக் கண்டு அடித்துத் துரத்துகிறார்கள். பின்னர் அது கொலை செய்கிறது. ஆனால் தான் ஏன் அவ்வாறானேன் என்று தன்னைப் படைத்தவனிடமே நின்று வாதாடுகிறது. நாவலின் நடுப் பகுதி முழுவதும் அந்தப் பூதம் தன் வாயால் சொல்லும் கதையாகும். அது சொல்வதைக் கேட்டபின் யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு நா எழாது. நாவலின் உண்மையான பயங்கரம் இதுதான்.

நாவல் வெளிவந்து ஐந்து ஆண்டுகளின் பின், 1823இல், ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் என்பவர் அதனை லண்டனில் நாடகமாக மேடையேற்றினார். அந்த நாடகத்தில் பூதம் பேசாது, ஊமை. கண்ணாலும் கையாலும் அபிநயித்தே நடிகர் அதனை வெளிப்படுத்தினார். கூடவே, சபையோரைச் சிரிக்க வைக்க ஒரு பயந்தாங்கொள்ளி வேலைக்காரனும் சேர்க்கப்பட்டான். அதே ஆண்டிலேயே அந்த நாடகத்தைக் கேலி செய்யும் பகிடி நாடகங்களும் லண்டன் மேடைகளுக்கு வந்துவிட்டன. பூதத்தின் நாவை அறுத்ததும், அதனைக் கண்டு உலகம் சிரிக்கத் தொடங்கியதும் ஒரே ஆண்டில் நடந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நூறு ஆண்டுகளின் பின் ஹொலிவூட்டில் நடக்கப்போவதற்கு இது ஒரு முன்னோட்டம் எனலாம்.

இனி 1931ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் யுனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட டிராகுலா படம் பெரும் வருவாயைத் தந்தது. உடனே பிராங்கன்ஸ்டைனைப் படமாக்கும் பொறுப்பு ஜேம்ஸ் வேல் என்ற ஆங்கிலேய நெறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. வேல் முதலாம் உலகப் போரில் போரிட்டு ஜெர்மனியரிடம் கைதியாக இருந்தவர். பூதமாக நடிக்க அதுவரை பெயர் பெறாத பொரிஸ் கார்லொவைத் தெரிந்தெடுத்தார்கள். ஜக் பியர்ஸ் என்ற ஒப்பனைக் கலைஞர் நாளுக்கு நாள் பல மணிநேரம் செலவிட்டு அந்த முகத்தை உருவாக்கினார். படத்தின் தொடக்கத்தில் காட்டப்படும் நடிகர் பட்டியலில் பூதம் என்ற பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி மட்டுமே இருந்தது.

இந்தப் படத்திலும் பூதம் பேசவில்லை. ஆனால் பேச்சின் இடத்தைக் கார்லொவின் கண்களும் கைகளும் நிரப்பின. இருட்டறையிலே அடைபட்டிருந்த அந்த உருவத்தின்மேல் முதன்முதலாக மேலிருந்து வெளிச்சம் விழும்போது, அது தன் இரு கைகளையும் உயர்த்தி ஒளியைப் பிடிக்கப் பார்க்கும். பால் கேட்கும் குழந்தையின் கைகள் அவை. கூரைத் திறப்பு மூடப்பட்டதும் அது திகைத்து நிற்கும். அந்த ஒரு காட்சியைக் கண்டவர் பின்னர் அந்தப் பூதத்தை வெறுக்க முடியாது.

இன்னொரு காட்சி ஏரிக்கரையில் நிகழ்வது. தனியே விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு சிறுமி பூதத்தைக் கண்டு அஞ்சாமல் பூக்களைக் கொடுக்கிறாள். இருவரும் அவற்றை ஒவ்வொன்றாக நீரில் எறிந்து மிதக்க விடுகிறார்கள். பூக்கள் தீர்ந்ததும், இந்தப் பிள்ளையும் மிதப்பாள் என்று எண்ணி அது அவளையும் தூக்கி நீரில் எறிந்துவிடுகிறது. அவள் மூழ்கியதும் செய்வதறியாது தடுமாறி ஓடுகிறது. தணிக்கையாளர்கள் இக்காட்சியின் முடிவைக் கொடூரமென்று சொல்லி வெட்டினார்கள். அதன் விளைவு என்ன தெரியுமா? பூதம் சிறுமியை நோக்கிக் கையை நீட்டுகிறது; அடுத்து அவளுடைய தந்தை பிணத்தைச் சுமந்துகொண்டு ஊருக்குள் வருகிறார். இடையில் நடந்ததைச் சபையோர் தத்தமது கற்பனைக்கேற்ப நிரப்பிக்கொண்டார்கள். பேதைமையால் நேர்ந்த விபத்து, கத்தரிக்கோலின் தயவால் ஈனக் கொலையாக மாறிற்று. வெட்டப்பட்ட துண்டு மீண்டும் படத்தில் சேர்க்கப்பட்டது 1980களிலேதான். ஒருவனுடைய கதையில் நடுப் பகுதியை நீக்கிவிட்டால் அவனை எவ்வளவு எளிதில் அரக்கனாக்கிவிடலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

இரண்டாவது படமான பிராங்கன்ஸ்டைனின் மணமகள் 1935இல் வந்தது. அதுவும் ஜேம்ஸ் வேலின் நெறியாள்கைதான். இந்தப் படத்தில் பூதம் பேசுகிறது. பூதம் பேசக்கூடாது என்று கார்லொவே ஆட்சேபித்தாராம். ஆயினும் அந்தப் பேச்சு வரும் இடமே இத்தொடரின் உச்சம் எனலாம். காட்டில் ஒரு குடிசை. அங்கே பார்வையற்ற ஒரு துறவி வயலின் வாசித்துக்கொண்டிருக்கிறார். இசையால் ஈர்க்கப்பட்டுக் காயத்தோடு வரும் பூதத்தை அவர் உள்ளே அழைத்து, உணவளித்து, தனக்கு ஒரு துணையை அனுப்பியதற்காக இறைவனுக்கு நன்றி சொல்லிக் கண்ணீர் வடிக்கிறார். அப்பம், நன்மை, நண்பன் என்று ஒவ்வொரு சொல்லாகக் கற்றுக்கொடுக்கிறார். வேட்டைக்காரர் இருவர் வந்து எல்லாவற்றையும் குலைத்துவிடுகிறார்கள். குடிசையும் தீப்பற்றுகிறது.

நேயர்களே, இந்தப் படத்தில் சிரிப்புக்கும் குறைவில்லை. ஓயாமல் கூச்சலிடும் ஒரு கிழவி வருகிறாள். குட்டி மனிதர்களைக் கண்ணாடிக் குடுவைகளில் அடைத்து வைத்திருக்கும் கிறுக்கு விஞ்ஞானி ஒருவர் வருகிறார். எனவே, சிரிப்புக் கலந்ததால்தான் இத்தொடர் கெட்டது என்று யாரேனும் சொன்னால் அது பொருந்தாது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அவற்றுள் முதலில் வைக்கப்பட்டிருப்பது நகை, அடுத்தது அழுகை, அச்சமும் அந்த எட்டில் ஒன்று. ஒரே கலைப் படைப்பில் இவை அடுத்தடுத்து வருவதில் தவறில்லை. 1935ஆம் ஆண்டுப் படத்தில் அச்சத்துக்கும் நகைக்கும் நடுவே அழுகை நின்று இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தது. அழுகையை எடுத்துவிட்டால் அச்சம் நேராக நகையில் போய் விழும். அடுத்துவந்த படங்களில் நடந்தது அதுவே.

1936இல் யுனிவர்சல் நிறுவனம் கை மாறிற்று. புதிய உரிமையாளர்கள் திகில் படங்களைக் கைவிட்டார்கள். ஆனால் 1938இல் டிராகுலாவும் பிராங்கன்ஸ்டைனும் ஒன்றாகச் சேர்த்து மறுபடி திரையிடப்பட்டபோது படமாளிகைகளில் கூட்டம் திரண்டது. உடனே மூன்றாவது படம் தயாராகி 1939இல் வெளிவந்தது. பெயர், பிராங்கன்ஸ்டைனின் மகன். இம்முறை நெறியாளர் வேறு. சென்ற படத்தில் கற்ற மொழியைப் பூதம் மறந்துபோயிருந்தது. ஏன் மறந்தது என்பதற்கு விளக்கமும் இல்லை. தூக்கிலிட்டும் சாகாமல் கழுத்து முறிந்த இகோர் என்ற வஞ்சகன், தனக்குத் தண்டனை விதித்த நடுவர்களைக் கொல்ல அதனை ஏவுகிறான். தன் நியாயத்தைச் சொன்ன படைப்பு இப்போது பிறனுடைய பழிவாங்கலுக்குக் கருவி. இகோர் இறந்து கிடப்பதைக் கண்டு அது கதறும் ஓரிடத்தில் மட்டும் பழைய கார்லொவ் தெரிவார். இத்தொடரில் அவர் பூதமாக வந்தது அதுவே கடைசி.

1942இல் வந்த நான்காவது படத்தில் லொன் சேனி என்ற நடிகர் அந்த வேடத்தை ஏற்றார். அப்படத்தில் பூதத்துக்கு வேறொருவரின் மூளையைப் பொருத்த முயல்கிறார்கள். பூதமோ தன்னிடம் அன்பு காட்டிய ஒரு சிறுமியின் மூளை தனக்கு வேண்டுமென்று அடம்பிடிக்கிறது. அந்த விபரீதமான ஆசையில்கூட ஓர் ஏக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சூழ்ச்சியால் இகோரின் மூளையே பொருத்தப்படுகிறது. பூதம் எழுந்து இகோரின் குரலில், அதாவது நடிகர் பெலா லுகோசியின் குரலில் பேசுகிறது. இரத்தம் பொருந்தாமையால் சற்று நேரத்தில் கண் பார்வையை இழந்து நெருப்பில் வீழ்கிறது.

இப்போது நாம் அந்த நீட்டிய கைகளுக்கு வந்துவிட்டோம். ஐந்தாவது படம் 1943இல் வெளிவந்தது. இதில் பிராங்கன்ஸ்டைன் பூதமும் ஓநாய் மனிதனும் சந்திக்கின்றன. பூதத்துக்குள் இருப்பது இகோரின் மூளை என்பதால், பூதத்தின் வேடம் இம்முறை லுகோசிக்கே கொடுக்கப்பட்டது. அவருக்கு அப்போது அறுபது வயது. கேர்ட் சியோட்மாக் எழுதிய கதைப்படி அந்தப் பூதம் குருடு, அது பேசும், தனக்குக் கண் தெரியவில்லை என்று தன் வாயாலேயே சொல்லும். ஆகவே லுகோசி, கண் தெரியாதவர்கள் இருட்டில் வழி தேடுவதுபோல் இரு கைகளையும் முன்னே நீட்டித் தட்டுத் தடுமாறி நடந்தார். பேச்சும் படமாக்கப்பட்டது. ஆனால் வெளியிடுவதற்கு முன் அந்தப் பேச்சு முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டார்கள். லுகோசியின் ஹங்கேரிய உச்சரிப்பில் பூதம் பேசுவதைக் கேட்டவர்கள் சிரித்துவிட்டார்கள் என்று சியோட்மாக் பிற்காலத்தில் காரணம் கூறினார்.

பேச்சோடு, பூதம் குருடு என்ற செய்தியும் போய்விட்டது. கை மட்டும் திரையில் எஞ்சியது. ஏன் இந்த உருவம் கையை நீட்டிக்கொண்டு விழுந்து எழும்பி நடக்கிறது என்று சபையோருக்கு விளங்கவில்லை. நடிகருக்கு வயது போய்விட்டது என்றார்கள். நடிக்கத் தெரியவில்லை என்றார்கள். ஆனால் அந்த நடை மட்டும் எல்லோருடைய மனத்திலும் பதிந்துவிட்டது. அடுத்த படங்களில் பூதத்துக்குக் கண் நன்றாகத் தெரிந்த போதும் அதே நடையைத் தொடர்ந்தார்கள். உலகெங்கும் பிள்ளைகள் இன்று நடந்து காட்டுவது அதைத்தான். ஒரு குருடனின் தவிப்பைத்தான் நாம் அனைவரும் பூத நடையென்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். சிரிப்பு வந்துவிடுமே என்று அஞ்சிப் பேச்சை வெட்டினார்கள். வெட்டியதனாலேயே என்றைக்கும் அழியாத சிரிப்பை விதைத்துவிட்டார்கள்.

இதன் பிறகு தொடர் சரிவிலே உருண்டது. 1942இல் ஒரு பூதம் போதுமாக இருந்தது. 1943இல் இரண்டு தேவைப்பட்டன. 1944இல் பிராங்கன்ஸ்டைனின் இல்லம் என்ற படத்தில் பூதம், ஓநாய் மனிதன், டிராகுலா என மூவரையும் இறக்கினார்கள். போதாக்குறைக்கு ஒரு பைத்தியக்கார விஞ்ஞானியையும் கூனனையும் சேர்த்தார்கள். அந்த விஞ்ஞானியாக நடித்தவர் வேறு யாருமல்லர், பொரிஸ் கார்லொவேதான்! தான் படைத்துப் புகழ்பெற்ற பூதத்தைப் புதியவரான கிளென் ஸ்ரேஞ் போட்டுக்கொண்டு வர, அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 1945இல் வந்த டிராகுலாவின் இல்லம் படத்திலோ பூதம் பெரும்பாலும் மேசைமேல் படுத்தே கிடக்கிறது. கடைசியில் எழுந்து சில எட்டு வைத்ததும் கட்டடம் எரிகிறது. அந்தத் தீக்காட்சிக்குக்கூட 1942ஆம் ஆண்டுப் படத்தின் துண்டுகளை எடுத்து ஒட்டினார்கள். கறிக்கு ருசி இல்லையென்று மேலும் மேலும் தூளைக் கொட்டிய கதைதான். அச்சம் குறையக் குறைய ஆள் தொகையைக் கூட்டினார்கள். ஆள் தொகை கூடக் கூட அச்சம் மேலும் குறைந்தது.

1948இல் எட்டாவது படம் வந்தது. பட் எபட், லூ கொஸ்டெலோ என்ற நகைச்சுவை இரட்டையர் அக்காலத்தில் அமெரிக்காவில் மிகவும் பிரபலமானவர்கள். அவர்கள் பிராங்கன்ஸ்டைனைச் சந்திப்பதாகக் கதை அமைத்தார்கள். சார்ள்ஸ் பார்ட்டன் நெறியாள்கை செய்தார். இருவரும் புளோரிடாவில் பொதிகள் கையாளும் வேலையாட்கள். பயங்கரக் காட்சிச்சாலை ஒன்றுக்கு வந்த இரண்டு பெட்டிகளில் டிராகுலாவும் பூதமும் இருக்கிறார்கள். டிராகுலாவுக்கு ஒரு திட்டம்: பூதத்துக்கு இம்முறை சொந்தப் புத்தியே இல்லாத, சொன்னதைச் செய்யும் ஒரு மூளையைப் பொருத்த வேண்டும். அதற்குக் கொஸ்டெலோவின் மூளையைவிடத் தகுந்தது எது? இப்படத்தில் பூதம் வாய் திறப்பது எஜமானுக்கு ஆமாம் போடுவதற்கு மட்டுமே. ஓரிடத்தில் கொஸ்டெலோவைக் கண்டு பூதம் பயந்து பின்வாங்க, டிராகுலா அதற்குத் தைரியம் சொல்கிறார்! மில்டனைப் படித்த படைப்பு வந்து சேர்ந்த இடம் அது.

இந்தப் படத்தை நான் இகழ மாட்டேன். அது நல்ல நகைச்சுவைப் படம். பெரும் வருவாயும் ஈட்டியது. டிராகுலாவாக வந்த லுகோசியும், ஓநாய் மனிதனாக வந்த சேனியும், பூதமாக வந்த ஸ்ரேஞ்சும் தத்தமது வேடங்களைச் சிறிதும் கேலி செய்யாமல் கம்பீரமாகவே நடித்தார்கள். சிரிப்பெல்லாம் அந்த இரு கோமாளிகளுக்கே உரியது. உண்மையைச் சொன்னால், முந்திய படத்தில் மேசைமேல் படுத்துக் கிடந்த பூதத்துக்கு இந்தக் கோமாளிகள் கொஞ்சம் மரியாதையே செய்தார்கள். எனவே, பயங்கரத்தைக் கொன்றவர்கள் எபட்டும் கொஸ்டெலோவும் என்று பழி சுமத்துவது நியாயமன்று. அவர்கள் வந்தபோது அது ஏற்கெனவே பிணமாகிவிட்டது. அவர்கள் செய்தது அடக்கம் மட்டுமே. அதையும் மேளதாளத்தோடு செய்தார்கள்.

அதன் பின்னர் நடந்ததுதான் வேடிக்கை. ஒருமுறை சிரிப்புக் கிடைத்துவிட்டதால் அதையும் தொடராக்கினார்கள். 1951இல் அந்த இரட்டையர் புலப்படா மனிதனைச் சந்தித்தார்கள். 1953இல் ஜெக்கிலையும் ஹைடையும் சந்தித்தார்கள். 1955இல் எகிப்திய மம்மியைச் சந்தித்தார்கள். ஒவ்வொரு படத்திலும் அதே அலறல், அதே ஓட்டம். மம்மிப் படத்தோடு யுனிவர்சலில் அவர்களின் காலமும் முடிவுற்றது. அச்சத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சிரிப்பாக்கிய அதே பழக்கம், சிரிப்பையும் தேய்த்துக் கொட்டாவியாக்கிவிட்டது.

இங்கே ஒரு மறுப்புக்கு விடை கூற வேண்டும். இத்தொடர் நகைப்புக்கிடமானதற்குக் காரணம் இரண்டாம் உலகப் போர் என்று சொல்வார்கள். 1945இல் வதைமுகாம்களின் கதவுகள் திறக்கப்பட்டன. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டுகள் விழுந்தன. அவற்றைக் கண்ட உலகம் பாழடைந்த கோட்டைக்குள் உலவும் ஒரு பூதத்தைக் கண்டு எப்படி அஞ்சும் என்று கேட்பார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் மேரி ஷெல்லியின் நாவலை எடுத்துப் பாருங்கள். தான் படைத்ததற்குப் பொறுப்பேற்க மறுக்கும் விஞ்ஞானியின் கதை, அணுகுண்டு விழுந்த பிறகு முன்னரைவிடக் கூர்மையாகவே ஒலித்தது. போர் அந்த நாவலைப் பழசாக்கவில்லை. கேள்வியை இழந்து முகமூடியாக எஞ்சியிருந்த படங்களைத்தான் அது பழசாக்கியது. முகமூடி என்பதை நேர்ப் பொருளிலேயே சொல்கிறேன். 1931இல் பியர்ஸ் மணிக்கணக்காக இருந்து கையால் உருவாக்கிய முகம், 1948இல் இறப்பரில் அச்சுவார்த்துத் தலையில் மாட்டும் பொருளாகிவிட்டது.

பகிடி எப்போதுமே பாழாக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 1974ஆம் ஆண்டில் மெல் புரூக்ஸ் இளம் பிராங்கன்ஸ்டைன் என்ற நகைச்சுவைப் படத்தை எடுத்தார். கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். 1931ஆம் ஆண்டுப் படத்தின் ஆய்வுகூடத்துக்காகக் கெனத் ஸ்ட்ரிக்பாடன் செய்த பழைய மின் கருவிகளையே தேடிப் பெற்றுப் பயன்படுத்தினார். அதில் பார்வையற்ற துறவியும் வருகிறார். ஆனால் சூடான சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றுவதாக எண்ணிப் பூதத்தின் மடியில் ஊற்றிவிடுகிறார்! நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். ஆனால் படத்தின் முடிவில் என்ன நடக்கிறது? அந்தப் பிராங்கன்ஸ்டைன் தன் படைப்பைக் கைவிட்டு ஓடவில்லை. தன் அறிவில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்கிறான். பூதம் எழுந்து, தன்னை அடிக்க வந்த கூட்டத்தின் முன்னால் தெளிவாகப் பேசுகிறது. திகில் படங்கள் பறித்த பேச்சை ஒரு பகிடிப் படம் திருப்பிக் கொடுத்தது. கோமாளித்தனமான சிரிப்புக்கும் கருணையுள்ள சிரிப்புக்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது.

அண்மையில், 2025ஆம் ஆண்டில், மெக்சிக்கோ நாட்டு நெறியாளர் கிலெர்மோ டெல் டோரோ மீண்டும் இக்கதையைப் படமாக்கினார். அதில் பூதம் பேசுகிறது. படிக்கிறது. பார்வையற்ற முதியவரிடம் அன்பைப் பெறுகிறது. தன் கதையைத் தானே சொல்கிறது. நாவல் வெளிவந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலான பின்பும், மேரி ஷெல்லி கொடுத்த நாக்கைத் தேடி எடுத்து அதன் வாயில் வைக்க வேண்டியிருக்கிறது.

நேயர்களே, ஒருவரைக் கண்டு நாம் அஞ்சும்போது, அவர் பேசுவதைக் கேட்க விரும்பமாட்டோம். அவர் பேச்சை நிறுத்திவிட்டால் அச்சம் சில காலம் வளரும். பின்னர் அந்த அச்சமும் அலுத்துப்போகும். அப்போது அவருடைய நடையையும் உடையையும் முகத்தையும் பார்த்துச் சிரிப்போம். அஞ்சிய போதும் அவரை நாம் அறியவில்லை. சிரிக்கும் போதும் அறியவில்லை. சினிமாவில் மட்டுமா இது நடக்கிறது? தெருவிலும் ஊரிலும் நாட்டிலும் நாம் யார் யாரைப் பூதமாக்கினோம், பின்னர் யார் யாரைப் பகிடியாக்கினோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

இனி எங்கேனும் ஒரு பிள்ளை கையை நீட்டிக்கொண்டு பூதம்போல் நடந்து காட்டினால், தாராளமாகச் சிரியுங்கள். பிள்ளையின் விளையாட்டைத் தடுக்க வேண்டாம். சிரித்து முடிந்த பின், அந்தப் பூதத்துக்குக் கண் தெரியாது என்ற செய்தியையும் அதற்குச் சொல்லி வையுங்கள். அடுத்த முறை அந்தப் பிள்ளை வேறு விதமாக நடந்து காட்டக்கூடும்.